ஆறாவது விரலுக்குக் கட்டளை எங்கிருந்து வரும்?

கேள்வி: இழந்த கைக்குப் பதிலாகச் செயற்கைக் கை பொருத்துவது புரிகிறது. குறையேதும் இல்லாதவர் கூடுதலாக ஓர் உறுப்பை அணிந்து தம் திறனைப் பெருக்கிக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும். ஆனால், அத்தகைய உறுப்பைச் செய்வதைவிட, அதற்கான கட்டளையை உடலின் எந்தப் பகுதியிலிருந்து பெறுவது என்பதே கடினமான சிக்கல். கையை இழந்தவரிடம் அதை இயக்கிய நரம்புகளில் ஒரு பகுதியாவது எஞ்சியிருக்கும். புதிய உறுப்புக்கோ அப்படிக் காத்திருக்கும் நரம்பு எதுவும் இல்லாததால், வேறோர் உறுப்பிடம் கடன் வாங்கியே தீர வேண்டும்.

டானி கிளோட் வடிவமைத்த ‘மூன்றாவது கட்டைவிரல்’ அந்தக் கடனைக் கால்களிடம் வாங்குகிறது. முப்பரிமாண அச்சில் உருவான இதைச் சுண்டுவிரலை அடுத்து உள்ளங்கையின் ஓரத்தில் அணிந்துகொள்கிறார்கள். கால் பெருவிரல்களுக்கு அடியில் உள்ள அழுத்த உணரிகள் கம்பியில்லாமல் அதை அசைக்கின்றன. 2024-இல் வெளியான ஆய்வொன்றில், 3 வயதுக் குழந்தை முதல் 96 வயது முதியவர் வரை ஏறக்குறைய 600 பேர் இதை அணிந்து பார்த்ததில், 98 விழுக்காட்டினர் முதல் நிமிடத்திலேயே பொருள்களைக் கையாண்டுவிட்டனர்.

இந்த எளிமையைவிட, லண்டனில் நரம்பியல் அறிஞர் டமார் மேக்கின் குழுவினர் 2021-இல் வெளியிட்ட முடிவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 20 பேர் 5 நாட்கள் பயிற்சி பெற்றுக் கண்ணைக் கட்டிக்கொண்டும் அந்த விரலை இயக்கும் அளவுக்குத் தேர்ந்தனர். ஆயினும், சொந்த விரல்கள் ஒவ்வொன்றுக்கும் மூளையில் பதிந்திருந்த தனித்தன்மை அதற்குள் சற்று மங்கியிருந்ததை ஸ்கேன் காட்டியது. ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்ட சிலரிடம் அம்மாற்றம் தணிந்திருந்தது என்றாலும், ஆண்டுக்கணக்கில் அணிபவரின் இயல்பான கைத்திறன் என்னாகும் என்று ஆராயாமல் இத்தகைய கருவிகளைப் பரவலாக்குவது சரியாகாது. (நடக்கும்போது பெருவிரல்களுக்கு வேறு வேலை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.)

கேள்வி: கட்டளையே தேவைப்படாத கருவிகள் உண்டா?

பதில்: உண்டு. ஸ்டீவன் காலின்ஸ் குழுவினர் 2015-இல் அறிமுகப்படுத்திய கணுக்கால் கருவியில் மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. பாதம் தரையில் ஊன்றியிருக்கும்போது நீளும் ஸ்பிரிங், கெண்டைக்கால் தசையின் சுமையில் ஒரு பங்கைத் தான் ஏற்றுக்கொண்டு, நடைக்குச் செலவாகும் ஆற்றலை ஏறக்குறைய 7 விழுக்காடு குறைத்தது. ஸ்பிரிங்கின் விறைப்பை அளவுக்கு மீறிக் கூட்டியபோது அந்த மிச்சம் குறைந்துபோனது.