பிரதேச சபையின் மழைநீர் வடிகான் வேலைகளைக் கணக்காய்வுக்கு எப்படித் தயார்படுத்துவது?

வேலைப் பகுதிக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருப்பீர்கள், மேசையில் கணக்காய்வாளர் விளக்கம் கேட்டு அனுப்பிய ஐயவினா ஒன்றும் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் வன்னியில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன்.

எங்கள் பக்கம் மழை ஐப்பசியில் தொடங்கும். நிதியாண்டு முடிவதோ டிசம்பர் 31. புரட்டாதிக்குள் கான் துப்புரவாக்கும் காசு செலவாகாவிட்டால், பிறகு வெள்ளத்துக்குள் பெக்கோவை (மண் அள்ளும் இயந்திரம்) இறக்கிப் பில் எழுதவேண்டி வரும். எங்களிடம் கணக்காய்வுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கோடையில்தான் வந்தார்கள். அதற்குள் கானில் புல் திரும்பவும் இடுப்பளவு வளர்ந்திருக்கும். "இதையா துப்புரவாக்கினீர்கள்?" என்று ஒரு முறை நேரடியாகவே கேட்டார்கள்.

அன்று எங்களைக் காப்பாற்றியது பெக்கோவின் ரன்னிங் சார்ட், அதாவது அன்றாட ஓட்டப் பதிவு. வந்திருந்த அம்மா டீசல் வவுச்சரைப் பக்கத்தில் விரித்து, மீற்றர் வாசிப்பைப் பென்சில் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். "வடிகான் வேலை" என்று மட்டும் எழுதியிருந்தால் கதை முடிந்திருக்கும். எங்கள் சாரதி "வைரவர் கோவிலடி மதகு முதல் பள்ளிக்கூட மூலை வரை" என்று நாள்தோறும் எழுதியிருந்தார். அப்படி எழுதச் சொன்னதற்கு அவர் என்னைத் திட்டாத நாளில்லை. கூடவே படங்களும் இருந்தன: வேலைக்கு முன், வேலைக்குப் பின், முதல் மழை கழித்து, மூன்றிலும் அதே மின்கம்பம் தெரிய.

சோடிக்கச் சொல்லித் தருகிறான் என்று யாரும் கீழே எழுத வரவேண்டாம். சோடித்தால் மீற்றரிலேயே பிடிபடும்.

அப்புறம், யாருடைய கான் என்பது. ஏ9 வீதியோரக் கான் சபையுடையதல்ல, வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பு. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது அதையெல்லாம் பார்க்க நேரமிருக்கவில்லை. வழி கிடைத்த இடத்தில் வெட்டி விட்டோம். பிறர் கானில் அவசரத்துக்குச் செய்யும் அப்படிப்பட்ட வேலையைத் தொலைபேசியில் செய்யச் சொன்னவரிடம் மறுநாளே கடிதம் வாங்கிக் கோப்பில் போடுங்கள்.

சுற்றாடல் பக்கத்தையும் விடாதீர்கள். சிறு தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கொடுப்பது சபைதான். கராஜ் எண்ணெய் கானுக்குள் ஓடினால் அந்தக் கேள்வியும் உங்களுக்குத்தான் வரும். அமெரிக்காவில் 1999 ஆம் ஆண்டு விதிப்படி, அனுமதிப்பத்திரத்துக்கு உட்பட்ட சிறு நகரங்களும் மழைநீர் வெளியேறும் வாய்களை வரைபடத்தில் காட்டவேண்டும். கழிவுநீரைக் கானுக்குள் விடும் கள்ள இணைப்புகளைத் தேடிப் பிடிக்கவும் வேண்டும். நம்மைப் பிடிக்க அந்த விதி இல்லை. ஆனாலும் கிராம சேவையாளர் பிரிவு வரைபடத்தில் அந்த இடங்களைச் சிவப்புப் பேனாவால் குறித்து வைத்தால் பாதிக் கேள்வி வராது.

இத்தனைக்கும் சொந்த மோட்டார் சைக்கிளில், கிரவல் ரோட்டில், மழையில் போனவனின் பயணப்படியை வெட்டுவார்கள். கந்தோரை விட்டு அசையாதவர்களுக்கு ஒரு கேள்வியும் இல்லை. சரி, அது வேறு கதை.

ஐயவினாவுக்குப் பதில் அனுப்பும்போது இணைப்புகளின் பிரதி ஒன்றை உங்கள் கையிலும் வைத்திருங்கள். அடுத்த வருடம் அதையே திரும்பக் கேட்பார்கள்.