முழங்கால் வலியுள்ள தாயாருடன் பெஸ்டம்: ஒரு நாள் போதுமா?

வணக்கம். இத்தாலியின் நேப்பிள்ஸில் தங்கியிருக்கும் தாங்கள், முழங்கால் வலியுள்ள தாயாரை அழைத்துக்கொண்டு பொம்பெய்யையும், பழைய கிரேக்கக் கோயில்கள் நிற்கும் பெஸ்டத்தையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். பொம்பெய்யை இன்னொரு நாளுக்கு ஒதுக்கிவிடுங்கள் என்பதே என் கருத்து. கி.மு. 600 அளவில் கிரேக்கர்கள் பொசைடோனியா என்ற பெயரில் நிறுவிய பெஸ்டம் சமவெளியில் அமைந்திருப்பதால், மேடேறும் தொல்லை அங்கே இல்லை. சலேர்னோ வழியாகச் செல்லும் ரயிலில் பெஸ்டம் நிலையத்திலேயே இறங்கி, பழைய மதில் வாயிலைக் கடந்து சற்று நடந்தால் இடிபாடுகள் வந்துவிடும். ரயில்கள் குறைவு என்பதால், திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். நிழலும் குறைவுதான், காலையிலேயே சென்றுவிடுவது நல்லது.

முதலில் கிரேக்கப் பெண் தெய்வமான ஹீராவின் பழைய கோயில் முன் நின்று முகப்புத் தூண்களை எண்ணிப் பாருங்கள்: ஒன்பது. ஒற்றைப்படை என்பதால் நுழைவின் நட்டநடுவே ஒரு தூண் நிற்கிறது. தூண்களின் தலைப்பகுதியோ, பாரம் தாங்காமல் பிதுங்கிய தலையணையைப் போல் அகன்றிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டினர் இதைக் கோயில் என்றே நம்பாமல் 'பசிலிக்கா' (ரோமானியரின் பொது மண்டபம்) என்று பெயரிட்டது வேடிக்கைதான்.

வெயில் ஏறியதும் சாலைக்கு அப்பாலுள்ள அருங்காட்சியகத்துக்குள் சென்றுவிடுங்கள். 1968இல் கண்டெடுக்கப்பட்ட கல்லறையின் மூடுகல்லில் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ள, நீரை நோக்கித் தலைகீழாகப் பாயும் இளைஞனைத் தாயார் அவசியம் பார்க்க வேண்டும்.