போரில் வென்ற நார்மண்டி இளவரசர் வில்லியம் கிளிட்டோவால், இன்றைய பெல்ஜியம், வடபிரான்ஸ் பகுதியில் இருந்த ஃபிளாண்டர்ஸை ஏன் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை?

சுருக்கமாகச் சொன்னால், சுங்கம்தான் காரணம் என்பேன்.

1127 மார்ச் 2 அன்று, ப்ரூஜ் நகரத் தேவாலயத்தில் மண்டியிட்டு வேண்டிக்கொண்டிருந்த ஃபிளாண்டர்ஸ் கோமகன் சார்லஸ் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கு வாரிசு இல்லை. உரிமை கோரியோர் பலர் இருக்க, பிரெஞ்சு மன்னர் ஆறாம் லூயி மூன்றே வாரங்களில் கிளிட்டோவை அங்கே அமர்த்தினார். கிளிட்டோவின் தந்தையும் தம் அண்ணனுமான ராபர்ட்டிடமிருந்து வடபிரான்சின் நார்மண்டியைப் பறித்து, 1106 முதல் அவரைச் சிறையில் வைத்திருந்தவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி. அண்ணன் மகன் கடலுக்கு எதிர்க்கரையில் வலுப்பெறுவதை அவர் விரும்பவில்லை.

புதிய கோமகனை ஏற்பதற்கு ப்ரூஜ் நகரத்தார் கேட்ட விலை, சுங்கத்தையும் வீட்டுமனை வரியையும் நீக்குவது. கிளிட்டோ ஒப்புக்கொண்டு சத்தியமும் செய்தார். ஆனால் அந்தச் சுங்க வருவாய் பல நைட்டுகளுக்கு (கோமகனின் குதிரைவீரர்களுக்கு) முன்பே மானியமாக வழங்கப்பட்டிருந்தது. எங்கள் சோற்றை எடுத்து ஊராருக்குக் கொடுக்க உமக்கு என்ன உரிமை என்பதே அவர்களுடைய வாதம். என் பார்வையில் அது நியாயமான கேள்விதான். அவர்களைச் சமாதானப்படுத்த, அதே ஆண்டு செப்டம்பரில் கிளிட்டோ மீண்டும் சுங்கம் கேட்டபோது, நகரத்தாருக்கு அவர் சொல் தவறியவர் ஆனார்.

அதற்கு முன்பே, ஆகஸ்ட் 1 அன்று, ஃபிளாண்டர்ஸின் லில் நகரச் சந்தையில் கிளிட்டோ தம் பண்ணையடிமை ஒருவனைப் பிடிக்க முயன்றபோது, ஊரார் ஆயுதமெடுத்து அவரை விரட்டினர். உடன்வந்த நார்மன்கள் சதுப்பில் தள்ளப்பட்டனர். பிறகு நகரை முற்றுகையிட்டு 1,400 மார்க் வெள்ளி தண்டம் வாங்கினார். பணம் வந்தது, ஊர் கைவிட்டுப் போனது. இதற்கிடையே கிளிட்டோவின் காரணமாகத் தங்கள் வணிகர் வெளிநாடு சென்று விற்க முடியவில்லை என்ற குறை ப்ரூஜில் வளர்ந்தது. 1128 மார்ச்சில் கெண்ட், ப்ரூஜ் நகரங்கள் கோமகன் பதவிக்கு உரிமை கோரிய அல்சாஸ் தியரியை அழைத்துக்கொண்டன.

ஜூன் 21 அன்று ஆக்ஸ்போல் களத்தில், ஒரு படைப்பிரிவை மறைத்து வைத்துத் தியரியைத் தோற்கடித்தார் கிளிட்டோ. அப்போதும் அந்த நகரங்கள் கதவைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் ஆல்ஸ்ட் முற்றுகையில் கையில் பட்ட காயம் அழுகி, 25 வயதில் இறந்தார். ஃபிளாண்டர்ஸின் இன்னொரு நகரான செயின்ட் ஓமருக்கு அவர் அளித்திருந்த உரிமைச் சாசனத்தை, அதே ஆண்டில் தியரி உறுதிசெய்து கொடுத்தார்.