சம்பளம் குறைவு, சலுகை நிறைய: ஸ்கீ ரிசார்ட் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு ஸ்கீ (பனிச்சறுக்கு) ரிசார்ட்டில், குளிர்கால சீசனுக்கு மட்டும் லிஃப்ட் (சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிச்செல்லும் கம்பிவட இருக்கை) ஆபரேட்டர் வேலை வந்திருக்கிறது. மணிக்கு 20 டாலர். சீசன் முழுக்க லிஃப்டில் ஏறிச் சறுக்குவதற்கான சீசன் பாஸ் இலவசம். விடுதியும் உண்டு, வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். சலுகைகள் குறைந்த சம்பளத்தை ஈடுகட்டுமா?

பதில்: விடுதி ஈடுகட்டும். மற்றவை பெரும்பாலும் ஈடுகட்டாது.

ரிசார்ட் ஊர்களில் பாதி வீடுகள் வசதியானவர்களின் விடுமுறை வீடுகளாகவோ சுற்றுலாக்காரர்களுக்கு விடுபவையாகவோ இருக்கும். அங்கே வேலை பார்ப்பவருக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் ஓர் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் விடுதி இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கை மேலே போடலாம்.

சீசன் பாஸ் வேறு கதை. லிஃப்ட் எப்படியும் ஓடத்தான் போகிறது, நீங்கள் ஏறுவதால் நிறுவனத்துக்குச் செலவே இல்லை. கைக்காசு போட்டு அந்தப் பாஸை வாங்கியிருப்பீர்களா? ஆம் என்றால் அதைச் சம்பளத்தோடு சேருங்கள். இல்லையென்றால் அதன் மதிப்பு பூஜ்யம்தான்.

மணிக்கு எவ்வளவு என்பதைவிட வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதுதான் முக்கியம். 40 மணி நேரம் கிடைத்தால் வரிக்கு முன் 800 டாலர். பனி தாமதமாகி 24 மணி நேரமே கிடைத்தால் 480. வாடகைப் பிடித்தம் மட்டும் குறையாது. பலர் மாட்டிக்கொள்வது டிசம்பர் தொடக்கத்தில்தான். கூட்டம் குவியும் வாரங்களில் ஓவர்டைமில் சரிக்கட்டலாம் என்றும் நம்பிவிடாதீர்கள். ஆண்டுக்கு 7 மாதத்துக்கு மேல் இயங்காத பொழுதுபோக்கு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம், ஓவர்டைம் இரண்டிலிருந்தும் மத்தியச் சட்டம் விலக்கு தருகிறது. சில மாநிலங்களின் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம், உங்கள் மாநிலத்தில் என்ன நிலை என்று பாருங்கள்.

சம்பளம் குறைவு என்று உங்களுக்குத் தோன்றுவது சரிதான். பல ஸ்கீ ரிசார்ட்களை நடத்தும் வேல் ரிசார்ட்ஸ் நிறுவனம் 2022-இல் மணிக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை 20 டாலராக்கியது ஆள் பற்றாக்குறை வந்த பிறகு. அந்த நிறுவனத்தின் பார்க் சிட்டி ரிசார்ட்டில், சறுக்குத்தளத்தில் அடிபட்டவர்களை மீட்கும் பணியாளர்கள் தொடக்கச் சம்பளத்தை 21-இலிருந்து 23 டாலராக்கக் கேட்டு, 2024 டிசம்பர் கடைசியில் வேலைநிறுத்தமே செய்தார்கள். அந்தக் குளிரில் அந்த ஆபத்தான வேலைக்கு 23 டாலர் ஒன்றும் அதிகமில்லை.

தனி ஆளாக நீங்கள் சம்பளத்தைப் பேரம் பேச முடியாது. ஆனால் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்கலாம்: வாரத்துக்கு உறுதியான மணி நேரம் எவ்வளவு, வாடகைப் பிடித்தம் எவ்வளவு, அப்புறம் காலை உடைத்துக்கொண்டாலோ வேலையை விட்டாலோ எத்தனை நாளில் அறையைக் காலி செய்ய வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.