அந்த 12 லட்சத்தைக் கட்டாதீர்கள். பையன் கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருக்கிறது

செங்கம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து 128 கட்-ஆஃப் வாங்கியிருக்கிறான். லீவு முழுக்க மாமாவின் செல்போன் கடையே கதி. செத்துப்போன போன் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் சோறு தண்ணி நினைப்பில்லை. பெரியப்பாவோ ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். விடுதியோடு நான்கு வருடத்துக்கு 12 லட்சம். அதில் 8 லட்சம் கல்விக் கடன், மீதிக்கு நகையும் அரை ஏக்கரும். "ரிப்பேர் கடைக்காரன்னு நாலு பேர் சொல்லுவாங்களே" என்று கடிதத்தை முடித்திருக்கிறீர்கள்.

128 எடுத்தவனுக்கு வழி அடைபடவில்லை. ஆறுதலாகச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. இனி கொஞ்சம் கறாராகவே பேசுகிறேன்.

முன்பணம் கட்டாதீர்கள். கட்டிவிட்டிருந்தால், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) அறிவித்திருக்கும் ரத்துத் தேதிக்குள் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். 8 லட்சத்தை 10.5 சதவீத வட்டியில் 10 ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 10,800 ரூபாய். மொத்தமாக 13 லட்சத்தைத் தொடும். படிக்கிற காலத்தில் ஏறும் வட்டி இந்தக் கணக்கில் வரவில்லை. முதல் சம்பளத்திலேயே இவ்வளவு போகும் என்று தெரிந்தும் கையெழுத்துப் போடுவதற்கு, பையனுக்கு அந்தப் படிப்பின் மேல் பித்து இருக்க வேண்டும். பைதான் புரோகிராமிங் வகுப்பில் சேர்த்துவிட்டதும் ஏழாம் நாளே நின்றுவிட்டான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் என்ன யோசனை?

கவுன்சலிங், கலைக் கல்லூரி, பி.சி.ஏ. பற்றிச் சொல்லத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாத ஒன்று: பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் டிப்ளமோவை இரண்டே வருடத்தில் முடித்துவிடலாம். அரசு பாலிடெக்னிக்கில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் அடங்கும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு வரும். பிறகு பி.இ. வேண்டுமென்று அவனுக்கே தோன்றினால், அதிலும் நேரடி இரண்டாம் ஆண்டுக்குத் தனிக் கலந்தாய்வு உண்டு. அப்படிப் போனால் மொத்தம் ஐந்து வருடம். பெரியப்பா சொல்லும் வழியைவிட ஒரு வருடம்தான் கூடுதல், அதுவும் நிலத்தை விற்காமல். ஒரு எச்சரிக்கை: இப்படிச் சேருகிறவர்களுக்கு முதலாண்டுப் பட்டறைப் பயிற்சி கிடைக்காது. ஓம் விதி, டையோடு, டிரான்சிஸ்டர், சர்க்யூட் படம் வாசிப்பது ஆகியவற்றை வகுப்பு தொடங்கும் முன்பே பழகிவிட வேண்டும்.

"போன் கடைப் பிழைப்பு இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று பெரியப்பா கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. 1995 ஜூலை 31 அன்று இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு பேசப்பட்டது. நோக்கியா 1100 காலத்தில் மைக், ஸ்பீக்கர், கீபேடு மாற்றத் தெரிந்தாலே கடை ஓடியது. இன்று டிஸ்பிளேவும் பேட்டரியும் மாற்றுவதை மட்டும் நம்பியிருக்கும் கடை தேயத்தான் செய்யும். சில நிறுவனங்களின் போன்களில் உதிரிபாகத்தின் எண்ணே போனுக்குள் இருக்கும் மின்சுற்றுத் தகடான போர்டோடு கோக்கப்பட்டிருப்பதால், மாற்றினாலும் எச்சரிக்கை வருகிறது. தேயாமல் நிற்பது போர்டிலேயே பழுது பார்க்கும் வேலை. பழகியவர்கள் சிப்-லெவல் என்பார்கள்.

அது என்ன வேலை என்று பெரியப்பாவுக்கும் தெரியட்டும். டெட் போன் ஒன்று வருகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, டி.சி. பவர் சப்ளையில் 4 வோல்ட் வைத்து, பேட்டரி கனெக்டர் வழியே கொடுக்க வேண்டும். பவர் பட்டனைத் தொடும் முன்பே ஆம்பியர் முள் ஏறினால் பேட்டரி லைனிலேயே (போர்டில் பேட்டரி மின்சாரம் ஓடும் தடம்) ஷார்ட் அல்லது கசிவு. பட்டனை அழுத்தியபின் சில பத்து மில்லியாம்பியரில் ஏறி நின்றுவிட்டால், பூட் ஆகவில்லை: மென்பொருளாக இருக்கலாம், மெமரியாக இருக்கலாம், சி.பி.யு.வாகவும் இருக்கலாம். அடுத்து சப்ளையை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை டையோடு மோடில் வைத்து, சிவப்பு முனையை கிரவுண்டிலும் கருப்பு முனையை லைனிலும் வைத்து அளக்க வேண்டும். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஷார்ட். அளவே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. நடுவில் வரும் எண்ணை அதே மாடலின் நல்ல போர்டோடு ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்ல முடியும். ஷார்ட்டான லைனில், அது தாங்கும் அளவைத் தாண்டாமல் 1 வோல்ட் வரை கொடுத்து, போர்டின் மேல் ரோசின் (சோல்டர் வேலையில் பயன்படும் பிசின்) புகையைப் படிய விட்டால், சூடாகும் கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சேமிக்கும் சிறு பாகம்) மேல் மட்டும் வெள்ளைப் படலம் உருகும். அந்த கெபாசிட்டர் 0.6 மி.மீ.க்கு 0.3 மி.மீ. அளவுதான் இருக்கும்.

கெடுவதும் இங்கேதான். சி.பி.யு.வுக்குப் போகும் லைன் 1 வோல்ட்டுக்கும் கீழே ஓடுவது. அவசரத்தில் அதில் 4 வோல்ட் விட்டால், பத்து பைசா கெபாசிட்டரைத் தேடப் போய் போனையே கொன்றுவிடுவோம். பாகங்களை ஒட்டும் உலோகக் கலவைதான் சோல்டர். கம்பெனி போடும் ஈயமில்லா சோல்டர் 217 டிகிரி வாக்கில் உருகும். வெள்ளீயம் 63, ஈயம் 37 என்று கலந்த சோல்டர் 183 டிகிரியில். முழுதாக உருகும் முன்பே ஐ.சி. எனும் சிப்பைத் தூக்கினால் அடியில் அது ஒட்டியிருக்கும் செம்புப் புள்ளி (பேட்) பிய்ந்து வரும். பிறகு முடியைவிட மெல்லிய ஜம்பர் வயர்தான் கதி. ஹாட் ஏர் கருவியின் சூடான காற்று அதிக நேரம் பட்டால் பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் கனெக்டர் வளைந்துவிடும். தண்ணீரில் விழுந்த போனை ஆன் செய்து பார்க்கவே கூடாது. அரிசிப் பானையிலும் போடாதீர்கள், அது சோற்றுக்கு. பேட்டரியைப் பிரித்துவிட்டு, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் (ஐ.பி.ஏ.) போர்டைக் கழுவ வேண்டும்.

இதே அறிவுதான் தொழிற்சாலையிலும் விலைபோகிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூர் பக்கத்திலும் ஐபோன் தொழில் வளர்ந்து நிற்கிறது. போர்டு செய்யும் ஆலையில் சோல்டர் பேஸ்ட் அச்சிடுவதும், பாகங்களைப் பொருத்துவதும், அடுப்பில் உருக்குவதும் இயந்திரம். சோதனையில் தோற்ற போர்டு, பழுதைக் கண்டுபிடிக்கும் டீபக் மேசைக்கு வரும். அங்கே உட்கார ஆள் வேண்டும். வேலைக்குச் சேரும்போது 'லைன் ஆபரேட்டரா, டீபக் டெக்னீஷியனா' என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். நோக்கியாவை இழுப்பார்கள், தெரியும். 2006இல் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது உண்மை. ஒரே ஸ்க்ரூவை முடுக்கப் பழகிய கை ஆலை மூடினால் நிற்கும். போர்டைப் படிக்கத் தெரிந்த கைக்கு அடுத்த கம்பெனியில் இடம் தேடலாம். கட்டாயம் கிடைக்கும் என்று எழுதித் தர மாட்டேன். ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் யாரும் எழுதித் தருவதில்லையே.

இனி வரப்போவதும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல், போன் மாடல் விற்பனையை நிறுத்திய பின்னும் 7 ஆண்டுகள் உதிரிபாகம் தர வேண்டும் என்பது விதி. 2030ஐ ஒட்டி 6ஜி வரும் என்கிறார்கள்; அலைவரிசை ஏற ஏற ஆன்டெனாவும் ரேடியோ அலையைக் கையாளும் ஆர்.எஃப். பகுதியும் நுணுக்கமாகும், சோதனை வேலை கூடும். டிப்ளமோவில் ஆன்டெனா, கம்யூனிகேஷன் பாடங்களை மனப்பாடம் செய்து தள்ளிவிட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

மாமாவிடம் ஒன்று, கண்டிப்பாக. ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யை மாற்றும் வேலை கடையில் நடக்கக் கூடாது. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். பழைய போன் வாங்கினால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்த்துவிட்டு வாங்கட்டும். பையன் பெயர் ஒரு வழக்கில் ஏறினால் டிப்ளமோவும் கைகொடுக்காது.

இந்த மாதம் செய்ய வேண்டியது: கழித்துப்போட்ட பத்து போர்டுகளை மாமாவிடம் வாங்கி, ஒவ்வொன்றிலும் எந்த லைன் என்ன அளவு காட்டியது, எங்கே பழுது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது போர்டிலேயே சலித்துவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு பேசலாம். மைக்ரோஸ்கோப், ஹாட் ஏர் எல்லாம் இப்போதே வாங்கித் தராதீர்கள். நல்ல மல்டிமீட்டர் ஒன்று போதும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்று, சாதிச் சான்று, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான தலைமையாசிரியர் சான்று ஆகியவற்றை எடுத்து வையுங்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தளத்தில் விண்ணப்பிக்கும்போது, முதலாண்டு என்பதை மாற்றி 'நேரடி இரண்டாம் ஆண்டு' என்று தேர்ந்தெடுத்திருக்கிறதா என இரண்டு தடவை பாருங்கள்.