நுவார்மூத்தியே தீவில் குழந்தைகளோடு: கேள்வி பதில்

பிரான்ஸின் அட்லாண்டிக் கரையில், நாந்த் நகரிலிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது நுவார்மூத்தியே தீவு. மூன்று கோடை விடுமுறைகளை இரண்டு பிள்ளைகளோடு அங்கே கழித்தவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

கடலில் மூழ்கும் சாலை வழியாகத்தான் போக வேண்டுமா அக்கா? ஐந்து வயது மகனோடு போகப் பயமாக இருக்கிறது.

வேண்டியதில்லை. 1971 முதல் பாலம் இருக்கிறது, கட்டணமும் கிடையாது. ஆனாலும் ஒரு முறை குவா என்ற அந்த மூழ்கும் பாதையில் போகாமல் திரும்பாதீர்கள். 4 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சாலை. நாளுக்கு இரண்டு தடவை கடல் அதை மூடிவிடும். நீர் நன்றாக வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பிலிருந்து ஒன்றரை மணி பின்பு வரைதான் கடக்கலாம். நேரப் பலகை இரு முனைகளிலும் உண்டு. வழியில் பரண் வைத்த உயரமான கம்பங்கள் நிற்கும். நேரம் தவறியவர்கள் ஏறி உயிர் பிழைப்பதற்கு!

கடந்த பிறகு உடனே கிளம்பிவிடாமல் கரையில் உட்கார்ந்து பாருங்கள். அலை சீறிக்கொண்டு வரும் என்று என் பிள்ளைகள் காத்திருந்தார்கள். வரவில்லை. இரு பக்கமிருந்தும் கண்ணாடித் தகடு போல நீர் நகர்ந்து வந்து நடுச்சாலையில் சேர்ந்தது. அங்கே கிடந்த ஒரு கடற்பாசிக் கொத்து மெல்லத் திரும்பி, பிறகு மிதக்கத் தொடங்கியது. அரை மணி கழித்துச் சாலையைக் காணோம்.

திரும்பியதும் காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், உப்பு பொல்லாதது.

நீர் வற்றிய சேற்றில் மட்டி பொறுக்கலாமா?

தாராளமாக. ஒரு வாளியும் சிறிய கைவாரியும் போதும். அளவுக்கும் எடைக்கும் வரம்பு உண்டு. குஞ்சு மட்டிகளைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். குனிந்த தலை நிமிராமல் பொறுக்கிக்கொண்டே நேரத்தை மறப்பவர்களும் உண்டு. தொலைபேசியில் அலாரம் வையுங்கள்.

நாங்கள் சைவம். பட்டினிதானா?

முட்டை, பாலாடைக்கட்டி சாப்பிடுவீர்கள் என்றால் கவலையே இல்லை. கறுப்புக் கோதுமை என்று அங்கே சொல்லும் பக்வீட் மாவில் வார்க்கும் கலெத் நம் தோசைக்கு ஒன்றுவிட்ட தங்கை. மே மாதத் தொடக்கத்தில் போனால் பொனோத் என்ற சின்ன உருளைக்கிழங்கு கிடைக்கும். தோல் சீவாமல் வேகவைத்து, வெண்ணெயும் தீவின் உப்பும் போட்டால் அன்றைய சமையல் முடிந்தது. விலையைப் பார்த்து மயங்காதீர்கள், அரைக் கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உப்பளங்களில் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?

வெயிலும் வறண்ட காற்றும் சேரும் நாளில், மாலை நேரத்தில் போங்கள். பாத்தி நீரின் மேல் மெல்லிய வெள்ளை ஏடு படர்ந்திருக்கும். நீண்ட கழியால் அதை மேலோடு வழித்தெடுப்பார்கள். அதுதான் விலை உயர்ந்த 'உப்புப் பூ'. அடியில் படிவது சாம்பல் நிறக் கல்லுப்பு. என் ஓட்டு கல்லுப்புக்கே.

எந்தக் கடற்கரை சிறுவர்களுக்கு நல்லது?

வடகிழக்கில் இருக்கும் தாம் கடற்கரை. கருவாலியும் பைனும் நிழல் தரும் காடு மணலை ஒட்டியே இருக்கிறது. ஆனால் நீர் ஆகஸ்டிலும் 20 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். பெரியவர்கள் முழங்காலோடு நின்றுவிடுவோம். பிள்ளைகள் உதடு நீலமாகும்வரை ஏற மாட்டார்கள்.

என்ன எடுத்து வர வேண்டும்?

காற்றுத் தடுப்பு மேல்சட்டை, பழைய காலணி. புதுச் செருப்பு வேண்டாம். என் சின்னவளின் இடது கால் செருப்பு ஒன்று இன்னமும் குவா சேற்றில்தான் இருக்கிறது.