பட்டறையில் தீ: கேள்வி பதில்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துபவர்: ஐயா, பத்து ஆண்டுகளில் எங்கள் பட்டறையில் ஒருமுறைகூடத் தீப்பிடித்ததில்லை. இடர் மதிப்பீட்டுப் படிவத்தில், காரிலிருந்து பெட்ரோல் இறக்கும் வேலைக்குத் தீ நேரும் வாய்ப்பு 1 (1 முதல் 5 வரையான அளவில் மிகக் குறைவு) என்று போடலாமா?

பதில்: போடக்கூடாது. இதுவரை பற்றவில்லை என்பதைவிட, எது பற்றவைக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். நான் பார்க்கச் சென்ற ஒரு பட்டறையில், வெட்டிய தண்ணீர்ப் போத்தலில் பெட்ரோல் பிடித்துக் காரின் அடியிலேயே விட்டிருந்தார்கள். நான்கு எட்டுத் தொலைவில் காற்றழுத்தக் கம்பிரசர் தானாக ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அதன் சுவிட்சில் சிறு பொறி பறக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து, பழுதுபார்க்கும் குழியிலும் வடிகாலிலும் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு கலந்தாலே பற்றிக்கொள்ளும். அந்த இடத்தில் கடுமை, அதாவது தீ நேர்ந்தால் விளையும் கேட்டின் அளவு, 5, வாய்ப்பு 3 என்று கொண்டால் பெருக்கல் 15 ஆகிறது. அது உயர் இடர். குறைக்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது. மூடிய கலனுக்குள் பம்பு வழியாக இறக்கி, நிலைமின் பொறி எழாதவாறு கலனையும் வண்டியையும் கம்பியால் இணைத்துத் தரையிணைப்புக் கொடுத்து, கம்பிரசரை அப்புறப்படுத்தி, குழியிலிருந்து விலகிக் காற்றோட்டமுள்ள இடத்தில் செய்தால், அப்போது வாய்ப்பு 1 என்று எழுதலாம். கடுமை 5 அப்படியே இருப்பதால், அதுவும் நடுத்தர இடர்தான்.

வெல்டிங் ஊழியர்: வேலை முடிந்தவுடன் சாப்பிடப் போகலாமா?

பதில்: இன்னொருவர் குறைந்தது அரை மணி நேரம் காவல் இருந்தால் போகலாம். தகட்டின் மறுபுறத்தில் உள்ள கம்பளமும் ஒலித்தடுப்புப் பஞ்சும் புகையே தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும்.

ஒரு மேற்பார்வையாளர்: எண்ணெய்த் துணிகள் தாமாகவே பற்றுமா?

பதில்: எஞ்சின் எண்ணெய்த் துணி அவ்வளவு எளிதில் பற்றாது. ஆளிவிதை எண்ணெய் போல உலரும் எண்ணெய் கலந்த சாயத் துணி குவிந்து கிடந்தால் பற்றும். யாரும் துணியை முகர்ந்து வகை பிரிக்கப்போவதில்லை. ஆகவே எல்லாவற்றையும் மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போட்டு, அன்றன்று மாலை அகற்றிவிடுங்கள்.

அதே மேற்பார்வையாளர்: மதிப்பீட்டை எப்போது திருத்துவது?

பதில்: சட்டப்படி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் மறுஆய்வு செய்ய வேண்டும். விபத்து நேர்ந்தாலோ வேலைமுறை மாறினாலோ அதுவரை காத்திருக்கக் கூடாது. மின்வாகனங்களைப் பழுதுபார்க்க ஏற்பதும் அத்தகைய மாற்றமே.

சிங்கப்பூர் சின் மிங் வட்டார வாசகர்: விபத்தில் அடிபட்ட மின்காரை ஏற்கலாமா?

பதில்: அடிபட்ட லித்தியம் மின்கலம் பல மணி நேரம், சில வேளை நாள்கள் கழித்தும் பற்றலாம், அணைந்தபின் மறுபடியும் மூளலாம். சுவரில் மாட்டிய தீயணைப்பானால் அதை அடக்க முடியாது. சீறல் ஒலியோ வெண்புகையோ எழுந்தால் அனைவரையும் வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புப் படையை 995 எண்ணில் அழையுங்கள். அடுக்குமாடிப் பட்டறையில் அந்தக் காரைத் தனியே நிறுத்தத் திறந்தவெளி கிடைக்காதென்றால், வேலையை மறுத்துவிடுவதே என் ஆலோசனை.